தராசில் கால் கிலோ, திரையில் சுழியம்: ஜாவா செயலியில் நேட்டிவ் நூலகங்களைப் பொதிவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கு லெபு பாசாரில் ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் சீரகப் பொட்டலத்தைத் தராசில் வைத்தார். தராசின் சிவப்பு எண்கள் 0.250 என்று காட்டின. பக்கத்துக் கணினியில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் பில் செயலி 0.000 என்றது. பொட்டலத்தை எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் 0.000. “தம்பி, நேற்று உங்கள் மடிக்கணினியில் காட்டினீர்களே, அதில் ஒழுங்காக வந்ததே” என்றார். வந்தது உண்மைதான். பிழைச் செய்தி எதுவும் இல்லை, செயலி நிற்கவும் இல்லை. எடை மட்டும் வரவில்லை. வாசலில் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

தவறு என்னுடையது. பொதியின் அளவைக் குறைக்கிறேன் என்று, தராசோடு பேசும் நூலகத்தின் ஜார் கோப்பை (ஜாவா நூலகங்களை அடைத்துத் தரும் சுருக்கக் கோப்பு) திறந்து, 64 பிட் விண்டோஸுக்கான கோப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கியிருந்தேன். கடைக் கணினி 64 பிட் விண்டோஸ்தான். ஆனால் எப்போதோ யாரோ நிறுவிய ஜாவா 32 பிட். செயலி 32 பிட் கோப்பைத் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை. நூலகத்தை ஏற்ற முடியாதபோது வரும் அன்சாடிஸ்ஃபைடுலிங்க்எரர் எழுந்திருக்கிறது. எடையைப் படிக்கும் பணியோ பின்னணி இழையில், பணியைக் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓட்டும் ஷெட்யூல்டு எக்ஸிக்யூட்டரில் ஓடுவது. அங்கே நான் எக்ஸெப்ஷனை மட்டும் பிடித்திருந்தேன். இது எக்ஸெப்ஷன் வகையைச் சேர்ந்ததன்று, எரர் வகையைச் சேர்ந்தது. பிடிபடாத பிழை எழுந்தால் அந்த எக்ஸிக்யூட்டர் சத்தமில்லாமல் அந்தப் பணியை நிறுத்திவிடும். திரையோ தன் தொடக்க மதிப்பான சுழியத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

அதன்பின் எங்கள் பொதியும் முறையை முழுவதுமாக மாற்றினோம். இனி வருவது அந்த முறை. எந்தக் கணினிக்கு எந்த நேட்டிவ் கோப்பு (அந்தந்த வகைக் கணினிக்கென்றே தொகுத்த கோப்பு) என்ற முடிவை, கடையில் செயலி ஓடும் நேரத்துக்கு விட்டுவைக்காமல், பொதியும் நேரத்திலேயே நாமே எடுத்துவிடுவதுதான் இதன் அடிப்படை. கட்டளைகளையும் பண்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அந்தந்தக் கருவியின் ஆவணத்தில் உள்ளபடி இடுங்கள்.

எங்கே உடைகிறது

1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்டபோது, ஒரு முறை எழுதினால் எங்கும் ஓடும் என்றது. பைட்கோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவாக ஜாவா தொகுத்துத் தரும் குறிமுறை) அளவில் அந்த வாக்கு இன்றும் பொய்க்கவில்லை. ஆனால் சீரியல் போர்ட், அச்சுப்பொறி, திரை வரைகலை, எஸ்க்யூலைட் போன்ற சி மொழித் தரவுத்தளம் என்று இயங்குதளத்தைத் தொடும் இடத்தில் பைட்கோடு முடிந்து, அந்தந்தக் கணினிக்கென்று தொகுத்த கோப்பு தொடங்குகிறது. ‘அச்சு’ என்ற பெயரில் ஒரு நூலகத்தை ஏற்றச் சொன்னால், ஜாவா விண்டோஸில் அச்சு.டிஎல்எல் என்றும், லினக்ஸில் லிப்அச்சு.எஸ்ஓ என்றும், மேக்கில் லிப்அச்சு.டைலிப் என்றும் தேடும். பெயர் சரியாக இருந்தாலும் போதாது. பிராசசர் வகை பொருந்த வேண்டும். அந்தக் கோப்பு தன் பங்குக்குச் சார்ந்திருக்கும் மற்றக் கோப்புகளும் கிடைக்க வேண்டும்.

எங்கள் செயலியில் இப்படி நான்கு இடங்கள். திரைக்கு ஜாவாஎஃப்எக்ஸ், தரவுக்கு எஸ்க்யூலைட், தராசுக்கு ஜேசீரியல்காம், ரசீதில் தமிழ் எழுத்துகளைப் படமாக்கி அச்சிட நாங்களே சி மொழியில் எழுதிய சிறிய நூலகம். அது ஓட வேண்டிய கணினிகள்: லெபு பாசார்க் கடையின் விண்டோஸ், பட்டர்வொர்த்தில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் ராஸ்பெரி பை, இரவில் கணக்குப் பார்க்கும் கடைக்காரர் மகளின் மேக்.

முதல் படி: கணக்கெடுப்பு

தன் செயலியில் நேட்டிவ் கோப்புகள் எத்தனை என்று கேட்டால் பெரும்பாலான ஜாவா நிரலாளர்கள் ஒன்று அல்லது இரண்டு என்பார்கள். எண்ணிப் பார்த்தால் வேறு விடை வரும். நாம் சேர்த்த நூலகம் வேறொன்றைச் சேர்த்திருக்கும், அது சி நூலகங்களை அழைக்க உதவும் ஜேஎன்ஏவை இழுத்து வந்திருக்கும். சுருக்கத்துக்காகச் சேர்த்த ஸ்னாப்பி, இசட்ஸ்டாண்டர்டு, முனையத்தில் வண்ணம் காட்டும் ஜான்சி, நெட்டியின் ஈபோல் என்று ஒவ்வொன்றுக்குள்ளும் கோப்புகள் இருக்கும்.

ஜாவாக் கட்டுமானக் கருவிகளான மேவனில் டிபெண்டன்சி ட்ரீ, கிரேடிலில் டிபெண்டன்சீஸ் கட்டளை சார்புகளின் முழு மரத்தையும் காட்டும். ஆனால் பெயரைப் பார்த்து ஊகிப்பதைவிட ஜார்களையே திறந்து பார்ப்பது நல்லது. எல்லா ஜார்களின் உள்ளடக்கத்தையும் பட்டியலிட்டு, டிஎல்எல், எஸ்ஓ, டைலிப், பழைய ஜேஎன்ஐலிப் என்று முடியும் வரிகளை மட்டும் பிரித்தெடுங்கள். பத்து வரிச் சிறுநிரல் போதும்.

அடுத்து, அந்தக் கோப்புகளைப் பிரித்தெடுத்து லினக்ஸிலோ மேக்கிலோ ஃபைல் கட்டளையை ஓட்டுங்கள். கோப்புறைப் பெயரை நம்பாமல் கோப்பின் தலைப்பையே படித்துச் சொல்லும் கட்டளை அது. விண்டோஸ் கோப்பு என்றால் பிஇ32 அல்லது பிஇ32+ என்று வரும். அந்த ஒற்றைக் கூட்டல் குறி இருந்தால் 64 பிட், இல்லையென்றால் 32 பிட். லினக்ஸ் கோப்பு என்றால் எல்ஃப் என்றும் பிராசசர் பெயரும், மேக் கோப்பு என்றால் மாக்-ஓ என்றும் எக்ஸ்86_64 (இன்டெல்) அல்லது ஆர்ம்64 (ஆப்பிள் சிலிக்கான்) என்றும் வரும். எங்களிடமே 64 என்று பெயரிட்ட கோப்புறைக்குள் கூட்டல் குறி இல்லாத கோப்பு ஒன்று இரண்டு வருடமாக உறங்கிக்கொண்டிருந்தது.

முடிவுகளை ஒரு அட்டவணையில் எழுதுங்கள்: நூலகம், பதிப்பு, எந்தெந்த இயங்குதளத்துக்குக் கோப்பு உண்டு, அது எப்படி ஏற்றப்படுகிறது, எங்கே பிரித்து வைக்கப்படுகிறது. கடைசி இரண்டு பத்திகளை நிரப்ப ஆவணத்தைப் படிக்க வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் பின்னால் வரும் எல்லாப் படிகளும் இந்த அட்டவணையை வைத்துத்தான்.

இரண்டாம் படி: நீக்க முடிந்ததை நீக்குங்கள்

எங்கள் ரசீது நூலகத்தையே பாருங்கள். ஜாவா 8 காலத்தில் தமிழ் எழுத்துகளின் கோவை எங்களுக்கு மனநிறைவாக அமையவில்லை. ‘கொத்தமல்லி’யில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் கடைக்காரர் சிரிப்பார். ஆகவே எழுத்துக் கோவைக்கான ஹார்ஃப்பஸ், எழுத்துருவைப் படமாக்கும் ஃப்ரீடைப் இரண்டையும் கொண்டு சி மொழியில் எழுதினோம். ஜாவா 9 முதல் ஓப்பன்ஜேடிகேயே எழுத்துக் கோவைக்கு ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகிறது. இன்று புதிதாகத் தொடங்கினால் அந்த சி நூலகத்தை எழுதவே மாட்டேன். புதிய பதிப்பிலிருந்து அதை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பழைய கிளையில் இன்னும் இருப்பதால் அதன் தொல்லைகளையும் கீழே சொல்கிறேன்.

தேவையே இல்லாமல் உள்ளே வந்தவற்றை எக்ஸ்க்ளூட் செய்து பாருங்கள். ஆனால் என்னைப் போல் ஜாரைத் திறந்து கையால் வெட்டாதீர்கள். எதை வெட்டினீர்கள் என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

மூன்றாம் படி: இலக்குகளை எழுதி வையுங்கள்

எந்தக் கணினிகளுக்கு ஆதரவு என்று வாய்மொழியாக இருந்தால் எல்லாக் கணினிகளுக்கும் என்று ஆகிவிடும். நாங்கள் நான்கே வரிகள் எழுதினோம்: விண்டோஸ் எக்ஸ்64, மேக் ஆர்ம்64, லினக்ஸ் எக்ஸ்64, லினக்ஸ் ஆர்ம்64.

32 பிட் விண்டோஸை விட்டுவிட்டோம். அதற்கான ஜாவா ஜேடிகே 21இல் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, ஜேடிகே 24இல் நீக்கப்பட்டது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஒரு வாடிக்கையாளருக்காக அதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்றால், பழைய ஜாவாவோடு தனிக் கிளையாக வையுங்கள். முதன்மைப் பொதிக்குள் கலக்காதீர்கள்.

இங்கே ஒரு பொறி. ஓஎஸ்.ஆர்ச் என்ற பண்பு கணினியின் பிராசசரைச் சொல்வதில்லை, ஓடிக்கொண்டிருக்கும் ஜாவாவின் வகையைச் சொல்கிறது. ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் இன்டெலுக்கான ஜாவாவை, இன்டெல் நிரல்களை அங்கே ஓட்ட உதவும் ரொசெட்டா வழியாக ஓட்டினால் எக்ஸ்86_64 என்றே வரும். நமக்கு வேண்டியதும் அதுதான், நேட்டிவ் கோப்பு ஜாவாவோடுதான் பொருந்த வேண்டும். ராஸ்பெரி பையில் இது இன்னும் குழப்பும். 32 பிட் இயங்குதளம் 64 பிட் கெர்னலோடு எழும்பியிருந்தால் பிராசசர் வகையைச் சொல்லும் யூநேம் கட்டளை ஆர்ச்64 என்று சாதிக்கும், உள்ளே ஓடும் நிரல்களோ 32 பிட். நிறுவும் சிறுநிரலில் யூநேமை வைத்து முடிவெடுத்துவிட்டு, பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் உட்கார்ந்துகொண்டு நான் யோசித்த யோசனைகள் கொஞ்சமல்ல.

இதே இழுபறி பெயர்களிலும் உண்டு. ஒரே இன்டெல் 64 பிட்டுக்கு விண்டோஸ், லினக்ஸ் ஜாவா ஏஎம்டி64 என்கிறது, மேக் ஜாவா எக்ஸ்86_64 என்கிறது. ஜாவாஎஃப்எக்ஸ் தன் கிளாசிஃபையரில் (ஜாரின் பெயரில் இயங்குதளத்தைக் குறிக்கும் பின்னொட்டு) வெறும் வின், லினக்ஸ், மேக், மேக்-ஆர்ச்64 என்கிறது. இன்னொரு நூலகம் நேட்டிவ்ஸ்-விண்டோஸ் என்கிறது. உங்கள் நான்கு இலக்குகளுக்கும் ஒவ்வொரு நூலகமும் வைத்திருக்கும் பெயரை அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: கட்டும் கணினியும் ஓடும் கணினியும் வேறு

நேட்டிவ் கோப்புகளை நூலகங்கள் இரண்டு விதமாகத் தருகின்றன. எஸ்க்யூலைட், ஜேசீரியல்காம், ஜேஎன்ஏ போன்றவை எல்லா இயங்குதளக் கோப்புகளையும் ஒரே ஜாரில் அடைத்து, ஓடும்போது தேவையானதைத் தற்காலிகக் கோப்புறையில் பிரித்து ஏற்றுகின்றன. ஜாவாஎஃப்எக்ஸ், எல்டபிள்யூஜேஜிஎல், நெட்டி போன்றவை இயங்குதளத்துக்கு ஒரு ஜாராக, கிளாசிஃபையர் வைத்துப் பிரித்துத் தருகின்றன.

இரண்டாம் வகையில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். மேவன் புரொஃபைலை (சூழலுக்கேற்ற அமைப்புத் தொகுப்பு) ஓஎஸ் வைத்து இயக்கும்போதும், ஓஎஸ் மேவன் பிளகின் கண்டுபிடித்துத் தரும் கிளாசிஃபையரைப் பயன்படுத்தும்போதும், ஜாவாஎஃப்எக்ஸின் இயல்பான அமைப்பிலும், கேள்வி கேட்கப்படுவது கட்டும் கணினியிடம். மேக்கில் கட்டினால் மேக் ஜார் வரும். அந்தக் கோப்புறையை அப்படியே விண்டோஸ் கடைக்குக் கொண்டுபோனால் திரையே திறக்காது.

தீர்வு எளிது. இலக்கை நீங்களே ஒரு பண்பாகக் கொடுங்கள், மற்ற எல்லாம் அதிலிருந்து பெறப்படட்டும். மேவனில் ‘இலக்கு’ என்று ஒரு பண்பு வைத்து, நான்கு புரொஃபைல்களும் அந்தப் பண்பின் மதிப்பை வைத்து மட்டும் இயங்குமாறு எழுதினோம். ஒவ்வொரு புரொஃபைலும் ஜாவாஎஃப்எக்ஸ்.பிளாட்ஃபார்ம் உட்பட அந்த இலக்குக்கான கிளாசிஃபையர்களை அமைக்கும். இலக்கு கொடுக்காமல் கட்டினால் என்ஃபோர்சர் பிளகின் கட்டுமானத்தை நிறுத்திவிடும். கணினி தானாக ஊகிப்பதைவிட இந்த முரட்டுத்தனம் எனக்குப் பிடிக்கிறது. கிரேடிலில் இயங்குதளம், பிராசசர் ஆகிய ஆட்ரிபியூட்டுகளை வைத்து வேரியண்ட்டுகளாகப் பிரிக்கலாம். அழகான வழி, ஆனால் நூலகங்கள் அந்த விவரத்தை வெளியிட்டிருந்தால்தான் பயன்.

எல்லாவற்றையும் ஒரே பெரிய ஜாராக்கும் ஷேட் பிளகினைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜாவாவையும் சி மொழியையும் இணைக்கும் ஜேஎன்ஐயில் சி பக்கத்துச் செயற்கூற்றின் பெயர், ஜாவாப் பொதியின் (பேக்கேஜ்) பெயரும் வகுப்பின் பெயரும் சேர்ந்தே உருவாகிறது. ஷேட் கொண்டு பொதியின் பெயரை மாற்றினாலோ, புரோகார்டு கொண்டு வகுப்பின் பெயரைக் குறுக்கினாலோ, சி பக்கத்தில் பழைய பெயரே இருக்கும். கோப்பு சரியாக ஏறும், முதல் அழைப்பில் விழும். மாற்றுப் பெயரைத் தாங்கும் ஏற்பாட்டைச் சில நூலகங்கள் செய்திருக்கின்றன. உங்களுடையது அப்படி என்று உறுதியாகத் தெரியாவிட்டால், நேட்டிவ் மெத்தடு உள்ள பொதிகளைப் பெயர்மாற்றத்திலிருந்து விலக்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: தற்காலிகக் கோப்புறையை நம்பாதீர்கள்

ஜாருக்குள் இருக்கும் கோப்பை இயங்குதளத்தால் நேரடியாக ஏற்ற முடியாது. ஆகவே நூலகங்கள் அதை ஜாவா.ஐஓ.டிஎம்பிடிர் சுட்டும் இடத்தில் பிரித்து வைக்கின்றன. இது பல கணினிகளில் ஓடும், ஓடாத கணினிகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணம் சொல்லும். பாதுகாப்புக்காக டிஎம்பி கோப்புறையை நோஎக்ஸெக் (அங்கிருந்து நிரல் ஓடக் கூடாது) என்று ஏற்றிய லினக்ஸில் பகிர்வுப் பகுதியை நினைவகத்தில் பதிக்க முடியவில்லை என்று பிழை வரும். விண்டோஸில் தற்காலிகக் கோப்புறையில் திடீரென்று முளைக்கும் டிஎல்எல்லை நச்சுநிரல் தடுப்பான் சந்தேகத்தோடு பார்க்கும். ஏற்றிய டிஎல்எல்லை விண்டோஸ் பூட்டி வைப்பதால் செயலி மூடும்போது அது அழியாது. தினமும் ஒன்று சேர்ந்து, வருட முடிவில் குப்பை மலையாகும். பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவரின் கணினியில் அந்தப் பாதையைச் சில பழைய சி நூலகங்களால் படிக்கவே முடியாது.

நாங்கள் பிரித்தெடுப்பதைக் கட்டும் நேரத்துக்கே நகர்த்திவிட்டோம். இலக்குக்கு வேண்டிய கோப்புகளை மட்டும் ஜார்களிலிருந்து எடுத்து, பொதியில் ‘நேட்டிவ்’ என்ற கோப்புறையில் வைக்கிறோம். பிறகு ஒவ்வொரு நூலகத்துக்கும் அந்த இடத்தைச் சொல்கிறோம். எஸ்க்யூலைட்டுக்கு ஓஆர்ஜி.எஸ்க்யூலைட்.லிப்.பாத், ஜேஎன்ஏவுக்கு ஜேஎன்ஏ.பூட்.லைப்ரரி.பாத், ஜேசீரியல்காமுக்கு அதன் சொந்த லைப்ரரி.பாத் பண்பு, நம்முடையதற்கு ஜாவா.லைப்ரரி.பாத். பெரும்பாலான நூலகங்கள் இப்படி ஒரு பண்பை வைத்திருக்கின்றன. அட்டவணையின் கடைசிப் பத்தியில் எழுதச் சொன்னது இதற்குத்தான்.

ஓடும்போது பிரித்தே ஆக வேண்டிய நிலை இருந்தால், கோப்பின் பெயரில் அதன் ஹாஷைச் சேருங்கள், வேறு பெயரில் எழுதி முடித்தபின் பெயர் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பிரதிகள் திறந்தால் ஒன்று பாதி எழுதிய கோப்பை மற்றொன்று ஏற்றும் விபத்து இதனால் நிற்கும். பதிப்பு உயர்ந்தபின் பழைய கோப்பே ஏறும் தொல்லையும் போகும்.

ஆறாம் படி: ஒவ்வொரு இயங்குதளத்தின் குணம்

விண்டோஸ். ‘சார்ந்த நூலகங்களைக் காணவில்லை’ என்று வந்தால் உங்கள் டிஎல்எல் கிடைத்துவிட்டது, அது கேட்கும் இன்னொன்று கிடைக்கவில்லை என்று பொருள். எந்த டிஎல்எல் என்று செய்தி சொல்லாது. டம்ப்பின் கருவியின் டிபெண்டண்ட்ஸ் விருப்பத்தால் பட்டியலைப் பார்க்கலாம். பெரும்பாலும் விஷுவல் சி++ ரன்டைம், அதாவது விசிரன்டைம்140. நிரலாளர் கணினியில் அது எப்போதும் இருக்கும், கடைக் கணினியில் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. எங்கள் ரசீது நூலகத்துக்கு ஹார்ஃப்பஸும் ஃப்ரீடைப்பும் வேண்டும். மூன்றையும் ஒரே கோப்புறையில் அடுத்தடுத்து வைத்தோம். ஆனாலும் விண்டோஸ் பக்கத்திலிருக்கும் கோப்பைப் பார்க்காது. அது தேடுவது ஓடும் நிரலின் கோப்புறை, சிஸ்டம் கோப்புறை, பாத் ஆகியவற்றில். இதற்கு வழி, முழுப் பாதையோடு சிஸ்டம்.லோடு கொண்டு முதலில் ஃப்ரீடைப், அடுத்து ஹார்ஃப்பஸ், கடைசியில் நம்முடையது என்று வரிசையாக ஏற்றுவது. ஏற்கெனவே ஏறியிருக்கும் பெயரை விண்டோஸ் மறுபடி தேடாது. இன்னும் நல்லது, சார்புகளை நம் டிஎல்எல்லுக்குள்ளேயே ஸ்டாடிக்காகச் சேர்த்துவிடுவது.

லினக்ஸ். இங்கே தொல்லை ஜிலிப்சி, அதாவது லினக்ஸின் அடிப்படை சி நூலகம். புதிய லினக்ஸில் தொகுத்த கோப்பு பழையதில் ஓடாது, பழையதில் தொகுத்தது புதியதில் ஓடும். உபுண்டு 22.04இல் இருப்பது 2.35, டெபியன் 11இல் இருப்பது 2.31. உபுண்டுவில் தொகுத்து டெபியன் 11 ராஸ்பெரி பையில் வைத்தால் ஜிலிப்சி_2.34 இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய லினக்ஸின் டாக்கர் கொள்கலனில் தொகுங்கள். ஆல்பைன் லினக்ஸில் ஜிலிப்சியே கிடையாது, மஸ்ல் இருக்கிறது. அதற்குத் தனிக் கோப்பு வேண்டும். கொள்கலனின் அளவு குறைகிறதே என்று ஆல்பைனுக்கு மாறி, இரண்டு நாளில் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். சார்புகளைப் பக்கத்தில் தேட வைக்க ஆர்பாத்தில் (கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் தேடல் பாதை) டாலர் குறியோடு ஆரிஜின் என்று எழுதினால் போதும். சார்புகளைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையில் ‘நாட் ஃபவுண்டு’ என்ற வரி வராத வரைக்கும் சரி.

மேக். பொறுமை தேவை. ஆப்பிள் சிலிக்கானில் கையொப்பமிடாத ஆர்ம்64 கோப்பு ஏறவே ஏறாது. வெளியே கொடுக்க வேண்டுமென்றால், வருடத்துக்கு 99 அமெரிக்க டாலர் கட்டி ஆப்பிள் டெவலப்பர் சான்றிதழ் வாங்கி, கையொப்பமிட்டு, செயலியைச் சோதித்து ஒப்புதல் தரும் ஆப்பிளின் நோட்டரி சேவைக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சேவை ஜார் கோப்புகளுக்குள்ளும் எட்டிப் பார்க்கும். எஸ்க்யூலைட் ஜாருக்குள் கையொப்பமில்லாத ஒரு டைலிப் இருந்தாலும் முழுச் செயலியும் திரும்பி வரும். ஜாவாவோடு வரும் நிறுவி செய்யும் கருவியான ஜேபேக்கேஜ் ஜாருக்குள் கையொப்பமிடாது. ஐந்தாம் படியில் கோப்புகளை வெளியே எடுத்து வைத்தது இங்கேதான் முழுப் பலன் தந்தது. மேக் பொதிக்கான ஜார்களிலிருந்து நேட்டிவ் கோப்புகளைக் கட்டுமானச் சிறுநிரல் நீக்கிவிடுகிறது. என் கையல்ல, சிறுநிரல். எதை நீக்கினோம் என்று அதுவே பதிவும் செய்கிறது.

ஏழாம் படி: ஜாவாவையும் சேர்த்தே கொடுங்கள்

கடையில் என்ன ஜாவா இருக்கிறது என்ற கேள்வியே எழக் கூடாது. ஜேலிங்க் கொண்டு தேவையான மாட்யூல்களோடு சிறிய ரன்டைமை உருவாக்கி, ஜேபேக்கேஜ் கொண்டு நிறுவியாக்குங்கள். ஜேபேக்கேஜ் ஜாவா 14இல் சோதனையாக வந்து, 16இல் நிலைபெற்றது. ஜேலிங்க்குக்கு இலக்குக் கணினியின் ஜேமாட் கோப்புகளைக் கொடுத்தால் வேறு இயங்குதளத்துக்கும் ரன்டைம் செய்து தரும். ஜேபேக்கேஜ் செய்யாது. எம்எஸ்ஐ வேண்டுமானால் விண்டோஸில் விக்ஸ் கருவியோடு ஓட்ட வேண்டும், டிஎம்ஜி வேண்டுமானால் மேக்கில்.

ஜாவா விருப்பங்களில் ‘ஆப்டிர்’ என்ற மாறியை டாலர் குறியோடு எழுதினால், நிறுவிய இடம் எதுவானாலும் செயலிக் கோப்புறையை அது சுட்டும். லைப்ரரி பாதைகளை எல்லாம் இதை வைத்தே எழுதுங்கள். பாஷில் இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் ஷெல்லே அந்த மாறியை விழுங்கி, வெற்றிடத்தைப் பொதிக்குள் அனுப்பிவிடும். ஒற்றை மேற்கோள் போடுங்கள். பொதிக்குள் உருவாகும் சிஎஃப்ஜி கோப்பைத் திறந்து மாறியின் பெயர் அப்படியே இருக்கிறதா என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஜாவா 24 முதல், அனுமதி சொல்லாமல் ஜேஎன்ஐ நூலகத்தை ஏற்றினால் எச்சரிக்கை வருகிறது. பின்னொரு பதிப்பில் அது தடையாக மாறும் என்பதே திட்டம். எனேபிள்-நேட்டிவ்-ஆக்ஸஸ் விருப்பத்தை இப்போதே சேர்த்துவிடுங்கள். மாட்யூலாக இல்லாத செயலிக்கு ‘ஆல்-அன்நேம்டு’ என்று கொடுத்தால் போதும், ஜாவாஎஃப்எக்ஸை மாட்யூலாகப் பயன்படுத்தினால் ஜாவாஎஃப்எக்ஸ்.கிராஃபிக்ஸையும் சேருங்கள். ஜாவா 22இல் நிலைபெற்ற புதிய ஃபாரின் ஃபங்ஷன் வழிமுறைக்கு மாறினால் பொதியும் தொல்லை தீருமா என்று கேட்கிறார்கள். சி பக்கத்து இணைப்பு நிரல் எழுதும் வேலை மிச்சமாகும், டிஎல்எல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அப்படியே இருக்கும். சி மொழியின் லாங் விண்டோஸில் 4 பைட், 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 8 பைட் என்பது போன்ற வேறுபாடுகளையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எட்டாம் படி: நான்கு கணினிகளில் கட்டி, வெற்றுக் கணினியில் ஓட்டுங்கள்

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற தானியங்கிக் கட்டுமானச் சேவையில் நான்கு இலக்குகளையும் மேட்ரிக்ஸாகக் கொடுத்தால், ஒவ்வொன்றும் அதனதன் கணினியில் கட்டப்படும். கட்டி முடித்தால் பச்சைக் குறி வரும். அந்தப் பச்சைக் குறி, கட்ட முடிந்தது என்பதைத்தான் சொல்லும்.

ஆகவே செயலிக்குள் ஒரு தன்சோதனையை வைத்தோம். அந்த விருப்பத்தோடு திறந்தால் திரை எதுவும் வராது. ஓஎஸ்.நேம், ஓஎஸ்.ஆர்ச், ஜாவாப் பதிப்பு மூன்றையும் எழுதும். நினைவகத்தில் ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம் திறந்து ஒரு வரி எழுதிப் படிக்கும். சீரியல் போர்ட்டுகளைப் பட்டியலிடும். ‘கொத்தமல்லி’யைப் படமாக்கி, முன்பே சேமித்த படத்தோடு ஒப்பிடும். எல்லாம் சரியென்றால் சுழியத்தோடு வெளியேறும். இதை ஜாரை வைத்து ஓட்டாமல், நிறுவியை உண்மையாகவே நிறுவி, நிறுவிய செயலியை வைத்து ஓட்டுகிறோம். விண்டோஸில் ஜேபேக்கேஜ் செயலிக்கு இயல்பாக முனையம் கிடையாது, வெளியீடு காற்றில் போகும். ஆகவே பதிவுக் கோப்பில் எழுதுங்கள்.

கட்டும் கணினியில் எல்லாமே நிறுவப்பட்டிருக்கும் என்பதால் வெற்றுக் கணினியும் வேண்டும். விண்டோஸ் ப்ரோவில் உள்ள சாண்ட்பாக்ஸ் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கும். விசிரன்டைம் இல்லாத குறை அங்கேதான் வெளிப்பட்டது. லினக்ஸுக்கு மெலிந்த டெபியன் கொள்கலன் போதும். மேக்கில் யூஎஸ்பியில் நகலெடுத்துச் சோதித்தால் எல்லாம் ஓடும். உலாவி வழியாகப் பதிவிறக்கினால்தான் குவாரண்டைன் முத்திரை விழும், நோட்டரி குறைகள் அப்போதுதான் தெரியும்.

பிழைச் செய்தியைப் படிக்கும் விதம்

எக்ஸெப்ஷன், எரர் இரண்டையும் உள்ளடக்கிய த்ரோவபிளையே பிடித்துப் பதிவு செய்யுங்கள். லெபு பாசாரில் அன்று எனக்கு இல்லாமல் போனது இந்த ஒரு வரிதான். அடுத்து, பதிவில் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்டுஎரர் தெரிந்தால் அதை நம்பாமல் மேலே போய்ப் பாருங்கள். நேட்டிவ் கோப்பை ஏற்றும் வகுப்பு முதல் முறை விழும்போதுதான் உண்மைக் காரணம் எழுதப்படும். இரண்டாம் முறையிலிருந்து வகுப்பைத் தொடங்க முடியவில்லை என்ற பொதுவான செய்தியே திரும்பத் திரும்ப வரும்.

‘ஜாவா.லைப்ரரி.பாத்தில் இல்லை’ என்றால் கோப்பு அந்த இடத்தில் இல்லை, அல்லது முன்னொட்டு தவறு. ‘ஐஏ 32 பிட் டிஎல்எல்லை ஏஎம்டி 64 பிட்டில் ஏற்ற முடியாது’, ‘தவறான எல்ஃப் கிளாஸ்’, ‘பொருந்தாத ஆர்க்கிடெக்சர்’ மூன்றும் ஒரே கதை, பிராசசர் வகை மாறியிருக்கிறது. ‘வேறொரு கிளாஸ்லோடரில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது’ என்றால் பொதியில் குறையில்லை, பிளகின் அமைப்பிலோ டாம்கேட்டிலோ ஒரே நூலகத்தை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறீர்கள்.

இவை எதுவுமே இல்லாமலும் எடை வராமல் போகலாம். பட்டர்வொர்த் சாப்பாட்டுக் கடையில் நண்டை நிறுத்து விலை போடுவார்கள். ராஸ்பெரி பையில் புதிய பொதியை நிறுவி, தன்சோதனை ஓட்டினேன். எஸ்க்யூலைட் சரி, எழுத்து சரி, போர்ட்டும் பட்டியலில் வந்தது. தராசில் நண்டை வைத்தால் திரையில் 0.000. ஒரு கணம் லெபு பாசார் நினைவு வந்து வயிற்றைப் பிசைந்தது. ஆனால் இம்முறை பதிவுக் கோப்பு இருந்தது, போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி பெற்ற டயல்அவுட் குழுவில் அந்தப் பயனர் இல்லை. குழுவில் சேர்த்து, வெளியேறி, மறுபடி உள்ளே வந்தேன். நண்டு 0.640. போர்ட்டைப் பட்டியலிடுவதோடு நிற்காமல் திறந்தும் பார்க்க வேண்டும் என்று அன்று மாலையே தன்சோதனையில் ஒரு வரி சேர்த்தேன்.